வீட்டு ஆவணங்களைக் காக்க ஒரு சிறு சேர்வர்: எந்தக் கணினியைத் தெரிவுசெய்வது?

வன்னியில் இடம்பெயர்ந்து திரிந்த குடும்பங்கள் பலவற்றிடம் ஒரு பை இருந்தது. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணி உறுதி அல்லது அனுமதிப்பத்திரம், பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறு, வங்கிப் புத்தகம், சில படங்கள். இவற்றைப் பொலித்தீனில் சுற்றி, பங்கருக்குள்ளும் தரப்பாளுக்குள்ளும் கூடவே வைத்திருந்தார்கள். சிலருடைய பை முள்ளிவாய்க்கால் கடந்து முகாம் வரை வந்து சேர்ந்தது. பலருடையது வரவில்லை. பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் மறுபடி எடுக்கலாம். காணாமல் ஆக்கப்பட்ட மகனின் ஒரே படத்தை எங்கும் மறுபடி எடுக்க முடியாது.

போருக்குப் பின்னர் கடதாசிகள் இன்னும் கூடின. பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, செஞ்சிலுவைச் சங்கத்தின் கடிதம், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பதிவு இலக்கம் என்று அவை சேர்ந்தன. 2010இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, 2013இல் பரணகம ஆணைக்குழு, பின்னர் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவான காணாமல் போனோர் பற்றிய அலுவலகம். ஒவ்வொன்றின் முன்னும் அதே கோப்பைக் கொண்டுபோய் நின்ற தாய்மார் இருக்கிறார்கள். இன்று அந்தக் கோப்பின் படங்கள் பெரும்பாலும் யாரோ ஒரு பிள்ளையின் கைத்தொலைபேசியில் இருக்கின்றன. அது தண்ணீரில் விழுந்தால், களவு போனால், பழுதானால் அவையும் போய்விடும்.

இவற்றை வீட்டிலேயே ஒழுங்காகச் சேமித்து வைக்க ஒரு சிறிய லினக்ஸ் கணினி போதும். எதை வாங்குவது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். சுருக்கமாகச் சொன்னால், வேகமான கணினி தேவையில்லை. மின் போய் வந்தபின் தானாக எழும்பும், மின்கட்டணத்தைக் கூட்டாத, பழுதானால் ஊரிலேயே திருத்தக்கூடிய கணினிதான் தேவை. அதில் மிச்சம்பிடிக்கும் பணம் இரண்டாவது சேமிப்பு வட்டுக்குப் போகவேண்டும்.

சேர்வர் என்றால் என்ன?

சேர்வர் அல்லது சேவையகம் என்பது தனியான ஒரு வகை இயந்திரம் அல்ல. எப்போதும் இயங்கிக்கொண்டிருந்து, மற்றக் கருவிகள் கேட்கும்போது கோப்புகளைக் கொடுத்து வாங்கும் எந்தக் கணினியும் சேர்வர்தான். அதற்குத் திரையோ விசைப்பலகையோ தேவையில்லை. வீட்டு றவுட்டருடன் ஒரு வயரால் இணைத்து, ஒரு மூலையில் வைத்துவிடலாம்.

வீட்டிலுள்ள கைத்தொலைபேசிகள் வைஃபை ஊடாக அதற்குப் படங்களை அனுப்பும். இது வீட்டுக்குள்ளேயே நடக்கும் பரிமாற்றம் என்பதால் டேட்டா செலவாகாது. இணையம் இல்லாத நாளிலும் வேலை செய்யும். மாதாந்தச் சந்தா கட்டத் தவறினால் படங்கள் முடங்கிவிடும் என்ற கவலையும் இல்லை. இலவச மென்பொருளான லினக்ஸுக்கு அனுமதிக் கட்டணமும் கிடையாது.

முதற் கேள்வி: மாதம் எத்தனை அலகு?

சேர்வர் 24 மணித்தியாலமும் இயங்கும். ஆகவே அதன் விலையை விட, அது வேலையின்றிச் சும்மா இருக்கும்போது எத்தனை வாட் இழுக்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். கணக்கு எளிது. வாட்டை 24ஆலும் 30ஆலும் பெருக்கி 1000ஆல் பிரித்தால் மாதத்துக்கான அலகு கிடைக்கும்.

5 வாட் இழுக்கும் கருவிக்கு மாதம் 3.6 அலகு. 10 வாட்டுக்கு 7.2 அலகு. 60 வாட் இழுக்கும் பழைய மேசைக் கணினிக்கு 43 அலகு.

எமது மின்பட்டியல் படிப்படியாக ஏறும் முறையில் அமைந்திருப்பதால் இந்த வித்தியாசம் பெரிது. 30, 60, 90 என்று ஒவ்வொரு எல்லையைத் தாண்டும்போதும் அலகின் விலையும் நிலையான கட்டணமும் கூடுகின்றன. 60ஐத் தாண்டினால் முதல் 60 அலகுக்கான விலையே வேறாகிவிடும். மாதம் 50 அலகு பாவிக்கும் வீட்டில் 10 வாட் சேர்வர் வைத்தால் 57 அலகில் நிற்கும். 60 வாட் மேசைக் கணினியை வைத்தால் 93 அலகு வரும், இரண்டு எல்லைகள் தாண்டப்படும். யாராவது சும்மா தந்த மேசைக் கணினி என்றாலும், காலப்போக்கில் அது விலை கொடுத்து வாங்கிய சிறு கணினியை விடச் செலவு வைத்துவிடும்.

கடைக்காரர் சொல்லும் வாட்டை அப்படியே நம்ப வேண்டாம். அடப்டரில் 65 வாட் என்று எழுதியிருப்பது அதனால் கொடுக்கக்கூடிய உச்ச அளவு. கணினி எப்போதும் அவ்வளவு இழுக்கும் என்று அர்த்தமில்லை. பிளக்கில் மாட்டி அளக்கும் சிறிய மின்மானி ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கி அளந்தால் உண்மை தெரியும்.

இரண்டாம் கேள்வி: மின் போய் வந்தால் என்ன நடக்கும்?

2022 மார்ச் இறுதியில் ஒரே நாளில் 13 மணித்தியால மின்வெட்டையும் நாம் கண்டோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் ஒரேயடியாக இருண்டது. அவ்வளவு பெரிய தடை இல்லாவிட்டாலும் இடியும் காற்றும் வந்தால் கிராமங்களில் மின் போய்ப் போய் வருவது வழமை. எனவே மூன்று விடயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, மின் வந்ததும் கணினி தானாக இயங்க வேண்டும். ராஸ்பெரி பை போன்ற சிறு பலகைகள் மின் கிடைத்தவுடன் இயங்கத் தொடங்கும். அலுவலக வகைச் சிறு கணினிகளில் பயாஸ் அமைப்புக்குள் சென்று, மின் மீண்டதும் இயங்கு என்ற தெரிவைப் போட்டுவிட வேண்டும். மலிவான சில மினி கணினிகளில் இந்தத் தெரிவே இருக்காது. வாங்கும்போதே கடையில் வயரைக் கழற்றி மாட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

இரண்டாவது, கடிகாரம். சாதாரண கணினிப் பலகையில் ஒரு சிறு வட்டப் பற்றரி இருந்து, மின் இல்லாதபோதும் நேரத்தைக் காக்கும். ராஸ்பெரி பை 4இல் அது இல்லை. மின் வந்து இணையம் வராவிட்டால் அது பிழையான திகதியைக் காட்டும், அப்போது சேமிக்கும் கோப்புகளிலும் பிழையான திகதியே விழும். சாதாரண படங்களுக்கு இது சிறு குறை. சாட்சியமாகக் காட்ட நினைக்கும் ஆவணத்துக்கு அப்படியல்ல. ராஸ்பெரி பை 5இல் கடிகாரம் உண்டு, ஆனால் அதற்கான பற்றரியைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டும்.

மூன்றாவது, யூபிஎஸ். எழுதிக்கொண்டிருக்கும்போது மின் போனால் கோப்பு சிதையலாம். சந்தையில் கிடைக்கும் 650 விஏ யூபிஎஸ்களில் வழமையாக 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி பற்றரி இருக்கும். பெருக்கினால் 84 வாட் மணி. யூபிஎஸ் தானே கொஞ்சம் தின்றுவிடும் என்பதால், 10 வாட் கணினிக்கும் 8 வாட் றவுட்டருக்கும் ஒன்றரை முதல் இரண்டு மணித்தியாலம் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எமது வெக்கையில் அந்தப் பற்றரி இரண்டு மூன்று வருடங்களில் தளர்ந்துவிடும். கணினியுடன் யூஎஸ்பி வயரால் பேசக்கூடிய யூபிஎஸ் என்றால், பற்றரி முடியும் முன்னர் கணினியை ஒழுங்காக நிறுத்தும்படி லினக்ஸில் அமைக்கலாம்.

நான்கு தெரிவுகள்

1. வீட்டில் கிடக்கும் பழைய லப்டொப்

பணம் செலவழிக்க முடியாதவர்களுக்கு இதுவே முதல் தெரிவு. திரையை அணைத்துவிட்டால் பொதுவாக 8 முதல் 20 வாட் வரை இழுக்கும். பற்றரி நல்ல நிலையில் இருந்தால் தனி யூபிஎஸ் தேவையில்லை. திரையும் விசைப்பலகையும் கூடவே இருப்பதால் அமைப்பதும் இலகு. மூடியை மூடினாலும் உறங்காதபடி லினக்ஸ் அமைப்பில் மாற்ற வேண்டும்.

குறைகள் இரண்டு. நீண்ட மின்வெட்டில் பற்றரி முற்றாக இறங்கிவிட்டால், மின் வந்தபின் பல லப்டொப்கள் தானாக எழும்பாது. சில அலுவலக மாதிரிகளில் மட்டும் அதற்கான தெரிவு பயாஸில் உண்டு. அடுத்தது, எப்போதும் சார்ஜில் இருக்கும் பழைய பற்றரி வீங்கலாம். மேற்பகுதி உப்பினால், தொடுதளம் உயர்ந்து வந்தால் உடனே நிறுத்திப் பற்றரியைக் கழற்றிவிட வேண்டும். வீங்கிய பற்றரியைக் குத்தவோ அழுத்தவோ கூடாது.

32 பிட் மட்டும் தெரிந்த மிகப் பழைய லப்டொப்களை விட்டுவிடுங்கள். 2025 ஓகஸ்டில் வெளிவந்த டெபியன் 13இல் அந்த வகைக் கணினிகளுக்கான நிறுவி இல்லை.

2. பாவித்த அலுவலக மினி கணினி

லெனோவோவின் திங்க்சென்ரர் டைனி, டெல்லின் ஒப்டிபிளெக்ஸ் மைக்ரோ, எச்பியின் எலைட்டெஸ்க் மினி ஆகியவை ஒரு தடித்த புத்தகத்தின் அளவானவை. வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்துவிட்டவை பாவித்த பொருளாக எமது கடைகளுக்கு வருகின்றன. இன்டெல் 6ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது ஏறத்தாழ 8 முதல் 12 வாட்.

பெரும்பாலான வீடுகளுக்கு நாம் பரிந்துரைப்பது இதுவே. மின் மீண்டதும் இயங்கும் தெரிவு இவற்றில் உண்டு, கடிகாரப் பற்றரி உண்டு. மெமரியையும் எஸ்எஸ்டியையும் ஒரு திருகாணிச் சாவியுடன் நாமே மாற்றலாம். சாதாரண லப்டொப் மெமரி என்பதால் உதிரிப்பாகம் யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் மட்டக்களப்பிலும் கிடைக்கும். அந்தந்த நிறுவனத்தின் அசல் அடப்டருடன் வாங்குங்கள். பயாஸுக்குக் கடவுச்சொல் போடப்பட்டிருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். பூட்டிய பயாஸை வீட்டுக்குக் கொண்டுவந்தால் மேலே சொன்ன தெரிவைப் போட முடியாது.

3. என்100 வகைப் புதிய மினி கணினி

இன்டெல் 2023இல் கொண்டுவந்த என்100 சிப் 6 வாட்டுக்கு வடிவமைக்கப்பட்டது. அதை வைத்துச் செய்த பெட்டிகள் சும்மா இருக்கும்போது 6 முதல் 10 வாட் இழுக்கும். இவற்றில் பல 12 வோல்ட் அடப்டரில் இயங்குவதால், றவுட்டருக்கு விற்கும் சிறிய 12 வோல்ட் பற்றரிப் பெட்டியாலோ சூரியகலப் பற்றரியாலோ ஓட்ட வாய்ப்புண்டு. முன்னர் அடப்டரில் வோல்ட்டையும் ஆம்பியரையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 3 ஆம்பியர் தேவைப்படும் கணினியை 2 ஆம்பியர் பெட்டியில் மாட்டினால் வேலை கூடும் நேரத்தில் நின்றுவிடும். பெயர் தெரியாத தயாரிப்புகள் பல உலவுவதால் உத்தரவாதம் எங்கே, யார் தருவது என்று எழுத்தில் வாங்குங்கள்.

4. ராஸ்பெரி பை

2012இல் மாணவர்களுக்காக வந்த பிரித்தானியப் பலகை இது. 2019இல் வந்த பை 4, 2023இல் வந்த பை 5 ஆகிய இரண்டுமே சேர்வர் வேலைக்குப் பொருத்தம். சும்மா இருக்கும்போது 3 வாட் அளவில் நிற்பதே இவற்றின் பலம். சூரியகல மின்னில் மட்டும் வாழும் வீட்டுக்கு இது நல்ல தெரிவு.

ஆனால் பலகையின் விலையை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். அடப்டர், பெட்டி, விசிறி, எஸ்எஸ்டி, அதை இணைக்கும் துண்டு எல்லாவற்றையும் கூட்டினால் பாவித்த மினி கணினியின் விலையை எட்டிவிடலாம். பை 5 முழுமையாக இயங்க 5 வோல்ட், 5 ஆம்பியர் அடப்டர் கேட்கும். சாதாரண கைத்தொலைபேசிச் சார்ஜரில் மாட்டினால் யூஎஸ்பியில் இணைத்த வட்டுக்கு மின் போதாமல் துண்டிக்கப்படலாம். வெக்கையில் விசிறியின்றி விட்டால் 80 பாகை செல்சியஸை நெருங்கித் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

தொலைக்காட்சிக்கு மாட்டும் அண்ட்ரொய்ட் பெட்டிகளில் லினக்ஸ் போடும் முயற்சிகளும் உண்டு. பொழுதுபோக்குக்குச் செய்யலாம். குடும்ப ஆவணங்களை அதில் வைக்க வேண்டாம்.

மெமரியும் வட்டும்

கோப்புகளைச் சேமித்துப் பகிர்வது மட்டும்தான் வேலை என்றால் 2 ஜிபி மெமரி போதும். படங்களை முகம் பார்த்து வகைப்படுத்தும் செயலிகளும் வேண்டுமென்றால் 8 ஜிபி வையுங்கள்.

எவ்வளவு இடம் வேண்டும்? ஸ்கான் செய்த ஒரு பக்கம் ஒன்று இரண்டு எம்பி. 500 பக்கக் கோப்பு முழுவதும் 1 ஜிபிக்குள் அடங்கிவிடும். கைத்தொலைபேசிப் படம் ஒன்று 3 முதல் 5 எம்பி என்றால், 10,000 படங்களுக்கு 50 ஜிபி போதும். பழைய கசற்றிலிருந்து மாற்றிய கலியாண வீடியோக்கள்தான் இடம் பிடிக்கும். ஆகவே 500 ஜிபி எஸ்எஸ்டி ஒரு குடும்பத்துக்குப் பல வருடங்கள் வரும்.

மெமரி கார்டில் லினக்ஸை ஓட்டினால், ஓயாமல் எழுதி அது தேய்ந்து ஒருநாள் சொல்லாமல் நின்றுவிடும். திடீர் மின்தடை அதை விரைவாக்கும். பெரிய 3.5 அங்குல ஹார்ட்டிஸ்க் தனியாக 5 வாட்டுக்கு மேல் இழுக்கும். எப்போதும் இயங்குவதற்கு எஸ்எஸ்டியும், கழற்றி வைக்கும் பிரதிக்கு 2.5 அங்குல யூஎஸ்பி ஹார்ட்டிஸ்க்கும் பொருத்தம். மாதக்கணக்கில் மின்னின்றிக் கிடக்கும் பிரதிக்கு எஸ்எஸ்டியை நம்பக்கூடாது. நீண்டகாலம் மின் இல்லாவிட்டால் அதிலுள்ள தரவு அழியக்கூடும்.

பூட்டி வைப்பது

கணினி களவு போகலாம், யாராவது எடுத்துச் செல்லலாம். சாட்சியங்களும் மற்றவர்களின் பெயர்களும் உள்ள கோப்புகள் அந்நியர் கையில் திறந்தபடி போகக்கூடாது. லினக்ஸில் வட்டு முழுவதையும் கடவுச்சொல்லால் பூட்டும் வசதி நிறுவும்போதே உண்டு.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. முழு வட்டையும் பூட்டினால், ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பின்னரும் யாராவது கடவுச்சொல்லைத் தட்டும்வரை கணினி காத்து நிற்கும். அதற்குத் திரை இல்லை என்பதால் வீட்டிலுள்ள முதியவர் திண்டாடுவார். இதற்கு வழி, இயங்குதளம் உள்ள பகுதியைத் திறந்தே விட்டு, ஆவணங்கள் உள்ள பகுதியை மட்டும் பூட்டுவது. கணினி தானாக எழும்பும். பிறகு கைத்தொலைபேசியிலிருந்தோ லப்டொப்பிலிருந்தோ உள்நுழைந்து அந்தப் பகுதியைத் திறக்கலாம்.

இன்டெல் மினி கணினிகளிலும் பை 5இலும் பூட்டித் திறப்பதற்கான சிறப்புச் சுற்று சிப்புக்குள்ளேயே உண்டு. பை 4இல் அது இல்லாததால் பூட்டிய வட்டு மெதுவாகும். கடவுச்சொல் மறந்தால் எவராலும் மீட்க முடியாது. அதைக் கடதாசியில் எழுதி, வேறொரு வீட்டில் உள்ள நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.

மென்பொருள் சுருக்கமாக

டெபியன் லினக்ஸ் நீண்டகாலம் சிக்கலின்றி ஓடும். சம்பா வீட்டுக் கணினிகளுக்குப் பொதுக் கோப்புறை தரும். சிங்திங் கைத்தொலைபேசிப் படங்களைத் தானாக எடுத்துவரும். டெசரக்ட் என்ற இலவச மென்பொருள், அச்சிட்ட தமிழ்ப் பக்கங்களின் ஸ்கானிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுத்துத் தேட உதவும். கையெழுத்துக்கு அது உதவாது.

ஆவணப் படங்களை வட்ஸ்அப்பில் சாதாரண படமாக அனுப்பிப் பின்னர் சேமிக்க வேண்டாம். அது படத்தைச் சுருக்கி, எடுத்த திகதி போன்ற விபரங்களையும் நீக்கிவிடும். கோப்பாக அனுப்பினால் மூலம் அப்படியே வரும்.

வெளியிலிருந்து பார்க்க வேண்டும் என்பதற்காக றவுட்டரில் வாசல் திறந்து விடாதீர்கள். வயர்கார்ட் போன்ற பாதுகாப்பான தனிவழியைப் பாவியுங்கள். சிம் போட்ட 4ஜி றவுட்டர்களுக்கு வெளியிலிருந்து நேரடியாக வருவது பெரும்பாலும் இயலாது. அங்கே டெயில்ஸ்கேல் போன்ற இடைவழிச் சேவை உதவும்.

இரண்டாவது பிரதி எங்கே?

1981இல் யாழ் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, வேறெங்கும் பிரதி இல்லாத ஏட்டுச்சுவடிகளும் சேர்ந்து அழிந்தன. ஒரே இடத்தில் ஒரே பிரதி இருந்தால் என்ன நடக்கும் என்பதை அந்த இரவு காட்டியது. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் எம்மவர் நூல்களையும் பத்திரிகைகளையும் ஸ்கான் செய்து இணையத்தில் வைத்துவருவதன் பயனும் இதுவே. குடும்ப ஆவணத்துக்கும் இதே நியாயம் பொருந்தும்.

கணினித்துறையில் சொல்லும் விதி 3-2-1. மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வேறு இடத்தில். சேர்வரில் ஒன்று, யூஎஸ்பி ஹார்ட்டிஸ்க்கில் ஒன்று, வேறு ஊரில் உள்ள சகோதரி வீட்டிலோ வெளிநாட்டிலுள்ள உறவினர் கணினியிலோ ஒன்று. ஒரே பெட்டிக்குள் இரண்டு வட்டுகளைச் சேர்த்து ஓட்டுவது இரண்டாம் பிரதி ஆகாது. இடி விழுந்தால் இரண்டும் போகும். தானாக ஒத்திசைவதும் பிரதி ஆகாது. ஒரு பக்கம் தவறுதலாக அழித்தால் மறுபக்கமும் அழியும். அதனால் பழைய பதிப்புகளை வைத்திருக்கும் தெரிவைப் போட்டுவிட வேண்டும்.

மூன்று மாதத்துக்கொருமுறை பிரதியிலிருந்து சில கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதி இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. மூலக் கடதாசிகளை எக்காரணம் கொண்டும் எறிய வேண்டாம். அலுவலகங்களும் நீதிமன்றங்களும் மூலத்தைக் கேட்கும்.

கணினியை வைக்கும் இடமும் முக்கியம். வெள்ளம் ஏறாத உயரத்தில், ஆனால் தகரக் கூரைக்குக் கிட்டப் போகாமல், எறும்பும் பல்லியும் குறைந்த மூலையில் வையுங்கள். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடிமின்னல் கூடும்போது மின் வயரையும் றவுட்டர் வயரையும் கழற்றிவிடுங்கள்.

கடைக்குப் போகுமுன் ஒரு துண்டில் எழுதிக்கொள்ள வேண்டியவை

- சும்மா இருக்கும்போது 12 வாட்டுக்குள் நிற்குமா?
- வயரைக் கழற்றி மாட்டினால் தானாக இயங்குமா?
- 64 பிட் சிப்பா? கடிகாரப் பற்றரி உண்டா?
- பயாஸ் பூட்டப்படாமல் இருக்கிறதா?
- அசல் அடப்டர் தருவார்களா? உத்தரவாதம் எழுத்திலா?
- மெமரியும் எஸ்எஸ்டியும் மாற்றக்கூடியவையா?
- இதை வாங்கியபின் யூஎஸ்பி ஹார்ட்டிஸ்க் ஒன்றுக்குப் பணம் மிஞ்சுமா?

கடைசிக் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால், கணினியை விலை குறைந்ததாகப் பாருங்கள், அல்லது இப்போதைக்கு விட்டுவிடுங்கள். முதலில் இரண்டு ஹார்ட்டிஸ்க் வாங்கி, அந்தப் பையில் உள்ளவற்றை வெளிச்சமான இடத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் படம் எடுத்து, இரண்டிலும் போட்டு, ஒன்றை வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். சேர்வரைப் பிறகு வாங்கலாம்.